கலிமா விரல்

ஸாவிதோவிச்சி மர ஆலையில்
பீச் மரத்தோடு சேர்த்து
என் கலிமா விரலையும் அறுத்தது ரம்பம்.
மிச்சம் ஒன்பது என்று எண்ணிவிட்டு
முதலாளி நஷ்டஈடு தந்தார்.

முதல் வெள்ளி.
அத்தஹிய்யாத் இருப்பில்
எதை உயர்த்துவது என்று விழித்தேன்.
இடக்கை கூடாது.
பக்கத்தில் ரிஃபெத் ஓரக்கண்ணால் பார்க்கிறான்.

உள்ளங்கைக்குள் ஏதோ ஒரு நரம்பு
பழக்கத்தில் தானாக எழுந்தது.
அதன் நுனியில் ஒன்றுமில்லை,
காட்ட ஒரு நகம்கூட.

நாற்பது வருடம்
விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனோ?
பலகை எண்ணும்போது தொடங்குகிற
ஒன்று அல்ல அவன்.
பின்னால் இரண்டு வராத ஒன்று.

ஸலாம் கொடுத்ததும்
"வலிக்குதா?" என்றான் ரிஃபெத்.
"இல்லாத இடத்தில்தான்" என்றேன்.
பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தவன்
காதில் அது விழவில்லை.