இடது காலுக்கு வேலையில்லை

டிரேயில் வடிந்த எண்ணெயை விரலில் தொட்டு
முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார் ஜபருல்லா.
அடிப்பிடித்த வெல்லப்பாகு வாசனை.
சிவப்பாக இருக்க வேண்டியது, கறுத்திருந்தது.
"ஆட்டோமேட்டிக்குக்குச் சாமான் மெட்ராஸ்லயும் இல்ல மேடம்.
கிடைச்சாலும் வண்டி விலைக்கு மேல கேப்பான்."

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து ஜென்.
மூன்றே கியர், அதுவாக மாற்றிக்கொள்ளும்.
நான் வாங்கியதே அதற்காகத்தான்.
இரண்டு வயதுக் காய்ச்சலில் சுருங்கிய இடது கால்
அதில் சும்மா உட்கார்ந்து வரும்,
கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் கொண்டுபோகும்
சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில்
இன்னொரு பையாக.

திருச்சியில் ஒரு வெள்ளை ஜென் கிடக்கிறதாம்.
லாரி இடித்துப் பின்பக்கம் அப்பளம்,
முன்பக்கம் ஒரு கீறல் இல்லை.
ஐந்து கியர்ப் பெட்டி, பிளைவீல், கிளட்ச் தட்டு,
எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம்.
சொல்லிவிட்டு
என் காலைப் பார்க்காமலிருக்க அவர் பட்ட பாடு!
ஸ்பானரைத் துடைத்தார்.
துடைத்த ஸ்பானரைத் துடைத்தார்.

"மிதிக்கத்தான் முடியாது," என்றேன்.
"பிடிக்க முடியும்."

வாசலில் நின்ற தன் புல்லட்டை
ஒரு டீ ஆறும் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறுவைக் கடன் மனுக்கள் மேசையில் மலையாகிற மாதம்.
பன்னிரண்டு நாள்
வலங்கைமான் பஸ்ஸில் போய் வந்தேன்,
படிக்கட்டு ஏறும்போதெல்லாம் யாரோ ஒருவர்
கேட்காமலே என் முழங்கையைப் பிடித்தார்.

மாலையில் பட்டறைக்குப் போவேன்.
பழைய பெட்டியை இறக்க நாலு பேர்.
உள்ளிருந்து உருண்டது பறங்கிக்காய் அளவில் ஒன்று,
குலுக்கினால் களுக் களுக்கென்றது.
புதிதாக வந்தது நெல் சாக்கில் வந்தது,
சாக்கின் மேல் யாருடையதோ மில் பெயர்.

கிளட்ச் கேபிளுக்கென்று கம்பெனி விட்டிருந்த ஓட்டை
ரப்பர் மூடியோடு அப்படியே இருந்தது.
இருபது வருஷத்துக்கு மேல் யாரும் திறக்காத மூடி.
அதன் வழியே உள்ளே வந்த கேபிள்
பெடலைத் தேடவில்லை;
இடப்புறம் வளைந்து
கியர்க் கம்பியின் கழுத்தில் ஏறியது.
அங்கே புல்லட்டின் லீவர்.

முதல் நாள் ஏழு முறை அணைந்தது.
எட்டாவது முறை குதித்து
இளநீர்க் குலையை முத்தமிட்டு அணைந்தது.
உள்ளங்கை கன்றியது.

மூணாறு தலைப்பில் லஸ்கர் ஷட்டர் திறப்பதைப் பார்த்திருக்கிறேன்.
சட்டென்று தூக்க மாட்டார்.
நூல் நூலாகத் திருப்புவார்,
தண்ணீர் கொஞ்சம் யோசிக்கும்,
அப்புறம் கோரையாறு.

அப்படி விட்டேன் லீவரை.

நீடாமங்கலம் கேட்டில் நாற்பது நிமிஷம்.
நெல் ஏற்றிய கூட்ஸ் முன்னே போய்
எதையோ மறந்ததுபோல் திரும்பி வந்தது.
பக்கத்து வேன்காரர் உள்ளே எட்டிப் பார்த்து,
"என்னக்கா, காருக்குள்ள பைக் ஓட்டுறீங்க?"
"ஆமா," என்றேன்.
கேட் தூக்கியதும் அவர் வேன்தான் அணைந்தது.

ஒரு விஷயம் பாக்கி.
பழைய பெட்டி 'பி'யில் நிற்கிறதென்று நம்பினால்தான்
இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும்.
ஜபருல்லா இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றினார்.
அன்றிலிருந்து மீட்டரில் 'பி' அணைவதேயில்லை.
வெண்ணாற்றங்கரையில் நாலாவது கியரில்
அறுபதில் போகும்போதும்
பச்சை வெளிச்சத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறது:
நிற்கிறேன், நிற்கிறேன்.
பல்பைக் கழற்றிவிடட்டுமா என்றார்.
வேண்டாம், இருக்கட்டும்.

ஆர்டிஓவிடம் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.
ஐந்தாவது கியரும் இன்னும் போட்டதில்லை.
அதற்கு நேர் ரோடு வேண்டும்.
இங்கே ரோடு
ஆறு திரும்புகிற பக்கமெல்லாம் திரும்புகிறது.