பத்தரை மாற்று

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள்.
ஆர்டிஸ் வொண்ட்ராசெக்குக்கு
தண்ணீரைப் பழிக்கத்தான் மாதச் சம்பளம்.
நெப்ராஸ்கா மாநிலம், குடிநீர்ப் பிரிவு,
பதினோரு கவுண்டிக்கு ஒரே ஒரு வெள்ளை பிக்கப்,
பின்சீட்டில் ஐஸ் பெட்டி,
அதற்குள் பெயர் ஒட்டாத குப்பிகள்.

இன்றைக்கு ஓலின்.
ஜனத்தொகை இருநூற்றுப் பதினாலு என்கிறது பலகை.
பலகை நட்ட பிறகு செத்தவர்கள் நிறைய,
பிறந்தது ஒன்றே ஒன்று.

கிணற்றறை வாசலில் மெர்ல் ஸ்டோக்லாசா நிற்கிறான்.
ஊருக்குத் தண்ணீர் விடுகிறவன் அவன்,
பனி தள்ளுகிறவனும் அவன்,
ஆள் கிடைக்காத மாதங்களில்
கல்லறைக்குக் குழி வெட்டுகிறவனும் அவன்தான்.
போன வருஷம் ஒரு குப்பியை
வேறு குழாயில் பிடித்தானோ என்று
அவளுக்கு ஒரு சந்தேகம், கேட்டதில்லை.
குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓட விட வேண்டும்.
மைனஸ் பன்னிரண்டில்
ஐந்து நிமிடம் லேசில் முடிவதில்லை.

நிறமில்லை. வாசமில்லை. ருசியில்லை.
சோளக்காட்டில் கொட்டிய உரம்
நாற்பது வருஷம் மண்ணுக்குள் நடந்து
இப்போதுதான் கிணற்றுக்கு வந்திருக்கிறது.
கொட்டியவர்களில் பாதிப்பேர்
மெர்ல் வெட்டிய குழிகளில்.
கொதிக்க வைத்தால் போய்விடாதா என்று
ஊர்க்கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார்.
போகாது.
தண்ணீர்தான் ஆவியாகும்,
நைட்ரேட் அடியில் தங்கிக் கெட்டிப்படும்.
பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது.
புட்டிப்பால் குடிக்கும் சிசுவுக்குத்தான்
உதட்டோரம் நீலம் பாயும்.

லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் எல்லை.
ஜூனில் 9.7.
செப்டம்பரில் 9.9.
லேபிலிருந்து இப்போது வந்த தாளில் 10.4.

விதிக்குத் தசமம் பிடிக்காது.
அரைக்குக் குறைந்ததைத் தள்ளிவிடு என்கிறது.
தள்ளினால் பத்து,
பத்து என்றால் எல்லை தாண்டாத பத்து.
பத்தரை வந்தால்தான் மீறல்,
வந்தால்தான் ஒவ்வொரு கதவுக்கும் நோட்டீஸ்,
ஆங்கிலத்தில் ஒன்று, ஸ்பானிஷில் ஒன்று.
பத்தரை மாற்று என்று
தங்கத்தைப் புகழ்கிற மொழி என்னுடையது.
ஓலினில் அந்த எண்ணைக் கேட்டாலே
மேயருக்கு வயிறு கலங்கும்,
புதுக் கிணறு வெட்ட ஏழு லட்சம் டாலர்.
ஆர்டிஸ் மட்டும்
அந்த ஒரு புள்ளி கூடியிருக்கக் கூடாதா என்று
ஒரு கணம் ஏங்கினாள்.
ஒரு ஊரின் தண்ணீர் கெட்டிருக்க வேண்டுமென்று
ஏங்கியதில் கூச்சமும் வந்தது.
‘இணங்குகிறது’ கட்டத்தில் டிக் போட்டாள்.
யாருக்கும் தண்ணி காட்டவில்லை.
எல்லாம் முறைப்படி.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை.
நூற்று நாற்பது மைல் ஓட்டி வந்தாள்,
சொந்தக் காரில்,
ஆறு கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு.

அந்த ஒரு பிறப்பு நடந்த வீட்டு முன்னால்
பனி தள்ளும் வண்டி நிற்கிறது.
மெர்ல் படியில் கேன் இறக்குகிறான்.
பக்கவாட்டுச் சுவரோரம்
நசுக்கிய காலிக் கேன்கள்,
எண்ணவில்லை அவள்,
எண்ணாமலே தெரிந்தது
அவை ஒரு வாரத்துக் குவியல் இல்லை என்று.
அடியில் கிடந்தவற்றின் மேல்
இலையுதிர்காலத்துச் சருகு ஒட்டியிருந்தது.

“பத்து தாண்டிருச்சா?”
“பத்துன்னு எழுதியிருக்கேன்.”
“எழுதினதைக் கேக்கலை.”

அவள் டிக்கியைத் திறந்தாள்.
அவன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
ஆளுக்கு இரண்டாகத் தூக்கினார்கள்.

கதவைத் திறந்தவள் யெசேனியா.
இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு
சீருடை மாற்றாமல், தோளில் எட்டு வாரக் குழந்தை.
கேன்களை மேஜைக்கடியில் தள்ளச் சொன்னாள்,
அது குழந்தைக்கு.
குளிரில் வந்தவர்களை வெறுமனே அனுப்பலாமா,
குழாயைத் திருகி
இரண்டு டம்ளர் நிறையப் பிடித்து நீட்டினாள்.

ஆர்டிஸ் வாங்கிக் குடித்தாள்.
ஜில்லென்று, நன்றாக இருந்தது.
பத்து.
பத்து புள்ளி நான்கு.