நடுவகிடு

அஸ்தம்பட்டியில் ஏறி
வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன்.
மடியில் நாற்பத்துநான்கு விடைத்தாள்.
மூன்றாம் கேள்வி, ஐந்து மதிப்பெண்:
நடுவில் கோபால்ட்,
குளோரின் இரண்டு,
இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும்
எத்திலீன்டையமீன் இரண்டு.
மாற்றியங்கள் எத்தனை? படம் வரைக.

விடைக்குறிப்பு என் கையெழுத்தில்: நான்கு.
குளோரின்கள் எதிரெதிரே நின்றால் ஒன்று, அதன் ஆடி பிம்பம் ஒன்று.
அடுத்தடுத்து நின்றால் ஒன்று, அதன் பிம்பம் ஒன்று.
வியாழன் இரவு, கரண்ட் போன நேரத்தில் எழுதியது.
அதையே காரணமாகச் சொல்லலாம்.
சொல்லக்கூடாது.

முதல் கொண்டை ஊசிக்குள்
பதினோரு பேருக்கு ஐந்துக்கு ஐந்து.
எல்லோரும் நான்கு.
நான் சொல்லச் சொல்ல எழுதிய நோட்ஸ்,
எழுத்துப் பிழை உட்பட அப்படியே.

பன்னிரண்டாவது தாள் தீர்த்தகிரி.
மூன்று என்றிருந்தது.
சிவப்பில் சுழித்தேன்.
படம் நன்றாக இருந்ததற்கு இரண்டு.

சுழித்த பிறகுதான்
ஓரத்தில் பொடியாக இருந்ததைப் படித்தேன்:

மேடம், செவ்வாப்பேட்டையில் எங்க மாமா சலூன்.
சனி ஞாயிறு நான்தான் கத்திரி பிடிப்பேன்.
நடுவகிடு எடுத்தவர் கண்ணாடியிலும் நடுவகிடுதான்.
ஓரவகிடுக்காரர்தான் கண்ணாடியில் வேறு ஆள்.
எதிரெதிர் குளோரின், நடுவகிடு.

பஸ் இடப்பக்கம் ஒடிந்தது.
பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு
காற்றில் ஒரு எண்முகியைப் பிடித்தேன்.
உச்சியில் ஒரு குளோரின், அடியில் ஒரு குளோரின்,
இடுப்பைச் சுற்றி இரண்டு வளையம்.
கண்ணாடியில் காட்டினேன், திரும்ப எடுத்தேன்,
மேலே வைத்தேன்.
பொருந்திவிட்டது.
இன்னொரு முறை. பொருந்திவிட்டது.

"வாந்தி வருதா கண்ணு?"
மூட்டைக்காரம்மா எலுமிச்சம்பழம் நீட்டினார்.
வாங்கி முகர்ந்துகொண்டேன். தேவையாகத்தான் இருந்தது.

ஒன்பதாவது வளைவு, பத்தாவது வளைவு.
இடம், வலம், இடம்.
கூட்டிப் பார்த்தால் எந்தப் பக்கமும் திரும்பவில்லை இந்தச் சாலை,
ஆனாலும் காது அடைக்கிறது.

எம்.எஸ்ஸி.யில் அந்தப் பச்சைப் பொடியைக் கரைத்து
நீராவித் தொட்டிமேல் வற்ற விட்டிருக்கிறேன்.
கிண்ணத்தின் விளிம்பிலிருந்து ஊதா ஏறி வரும்.
எதிரெதிரே நின்றவை அடுத்தடுத்து வந்துவிட்டன என்று பொருள்.
போலாரிமீட்டரில் ஊற்றி,
சோடியம் விளக்கின் மஞ்சளில் கண் வைத்தால்
சுழி.
இடக்கைக்காரர் பாதி, வலக்கைக்காரர் பாதி
இருக்கும் அறையில்
யாருமே இல்லை என்று சொல்கிற கருவி அது.
அன்றைக்கு அது எனக்குப் புரிந்தது.
பத்தொன்பது வருடம் கழித்து
சுழி என்றால் இரண்டு வகை என்பது மறந்திருக்கிறது:
இரண்டு பேர் சமமாக நிற்கும் சுழி,
ஒரே ஆள் நேராக நிற்கும் சுழி.

ஆக, ஊதாவில் இரண்டு. பச்சையில் ஒன்று.
மூன்று.

இரண்டை அடித்து ஐந்து போட்டேன்.
பக்கத்தில் என் சுருக்கெழுத்து, தேதி.
அந்தப் பதினோரு பேரை என்ன செய்ய?
என்னை நம்பியதற்கு எத்தனை மதிப்பெண் குறைப்பது?
மீதி முப்பத்திரண்டைத் திறக்கவில்லை.
ஏரி வந்துவிட்டது, பனியும்.

திங்கட்கிழமை கரும்பலகையில்
நான்கை எழுதி, நானே அடித்தேன்.
எந்தக் கண்ணாடியில் தப்பு செய்தேன் என்று வரைந்தேன்.
மூன்றாம் கேள்வி எல்லோருக்கும் ஐந்து,
தீர்த்தகிரிக்குத்தான் அது சொந்தமாகச் சம்பாதித்த ஐந்து.

கடைசி பெஞ்சில் சிரிப்பு.
அவன் மொட்டை போட்டு வந்திருந்தான், வேண்டுதலாம்.
"மேடம், வகிடே இல்லையே,
இப்ப இவனுக்கு எத்தனை?"

ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் தலையைத் திருப்பி
இடது காதுக்கு மேல் விரல் வைத்தான்.
இத்தனை நாள் முடிக்குள் இருந்த
அரை அங்குலத் தழும்பு.

"ரெண்டு மேடம்."