புகார் கொடுத்தவன்

நான்தான் கொடுத்தேன்.
செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது.
மெத்தைக்கு அடியில் பந்து மோதியது.
மெத்தைக்கு அடியில் என்றால்
இரண்டாம் மாடித் தரைக்கு அடியில்,
புளோக்கின் கீழ்த்தளத்துத் தூணில்.
தூணில் மோதினால் எனக்குப் பல் கூசும்.

எனக்கு இரவு வேலை.
கடைசி ரயில் போனபின்
ஈசூனுக்கும் காத்திப்புக்கும் நடுவே
தண்டவாளத்தில் விரிசல் தேடுகிறவன்.
காலையில் நீங்கள் நின்றுகொண்டே தூங்கிப்போக
இரவெல்லாம் சுத்தியலும் விளக்குமாய் நடக்கிறவன்.
பகல் தூக்கம் என் உரிமை என்று
நகர மன்றத்துக்கு எழுதினேன்,
கைப்பேசியில், படத்துடன்,
கொட்டாவி விட்டுக்கொண்டே.

பதினேழே நாளில் கம்பி வந்தது.
இடுப்புயரம், எஃகு, தூணுக்குத் தூண்.
பி லிஃப்ட்டின் கதவுக்காக
நாங்கள் ஒரு வருடம் காத்திருந்தோம்.

அன்று நன்றாகத் தூங்கினேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பையன்கள் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடிக்குப் போனார்கள்.
ஒரு மாலை பந்து ஐந்து மாடி இறங்கி
மதாம் ஹோவின் தள்ளுவண்டியில் விழுந்தது.
வண்டியிலிருந்த மீன் முன்பே செத்திருந்தது,
வேறு சேதமில்லை.
ஆனால் போலீஸ் வந்தது, பெயர்களைக் குறித்தது.

நவம்பரில் எட்டாம் மாடி திரு. லிம் இறந்தார்.
கம்பியைச் சுற்றிக் கொண்டுவர வழியில்லை.
பெட்டியைச் சற்றே சாய்த்துத் தூக்கினார்கள்,
அலமாரியைத் தூக்குவதுபோல.
நான் சன்னலைச் சாத்திக்கொண்டேன்.

பிறகு லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு, நான்கு மொழியில்.
தமிழில் "கருத்துப் பறிமாற்றம்" என்றிருந்தது.
ஒரு புள்ளி கூடச் சேர்க்காமல்
எத்தனை நேர்மையாகப் பிழை விடுகிறார்கள் பாருங்கள்.

கூட்டத்தில் கறிபஃப் இருந்தது, பொட்டலச் சோயாப்பால் இருந்தது.
திரையில்
கூடுதல் கேமரா, வாடகை புளோக்குக்கு உணவு அட்டை,
இளையர் மூலை: பஞ்சு மூட்டை இருக்கைகள், சுவரோவியம், சதுரங்க மேசை.
அதிகாரி குமாரி சியா பொறுமையாக விளக்கினார்.
"அங்கே ஓடலாமா?" என்று கேட்டான் ஒருவன்.
அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவன் பெயர் ஹாஸிக். எதிர் புளோக், ஓரறை வாடகை வீடு.
மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துச் சொன்னான்:
அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, ராத்திரி ஷிஃப்ட்.
பகலில் தூங்கணும்.
நாங்க நாலு பேரும் வீட்டில் இருந்தால் தூங்க முடியாது.
அதனால்தான் கீழே வருவோம்.

மைக் கீச்சிட்டது.
புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிட மாட்டோம் என்றார் தலைவர்,
யாரும் கேட்காமலே.
நான் கறிபஃப்பைக் கடித்தேன்.
உருளைக்கிழங்கு சூடாக இருந்தது,
துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

கை தூக்கவில்லை.
ஆளுக்கு ஆள் பேசினார்கள்.
மெத்துப் பந்து என்றார் ஒருவர்,
நாலு முதல் ஆறு வரை என்றார் இன்னொருவர்,
என் காருக்கு யார் பொறுப்பு என்றார் மற்றவர்.
முடிவு: அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்.

அன்றிரவு வேலைக்குக் கிளம்புமுன்
அதே செயலியைத் திறந்தேன்.
சத்தம், குப்பை, லிஃப்ட், புறா, மற்றவை.
கொடுத்த புகாரைத் திரும்பப் பெற வகையில்லை.
"மற்றவை"யை அழுத்தி
கம்பியை எடுத்துவிடுங்கள், எனக்குத் தூக்கம் வருகிறது
என்று எழுதினேன்.
அது பொய். மூன்று நாற்பதுக்கு விழிப்பு வந்துவிடுகிறது,
பந்தே இல்லாமல்.

உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.
இன்று நாற்பத்தொன்றாம் நாள்.

விடியற்காலை வீடு திரும்பும்போது
கீழ்த்தளத்தில் யாருமில்லை.
பையிலிருந்து சுத்தியலை எடுத்து
கம்பியை ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.
பழக்கம்.
நல்ல எஃகு. ஒரு விரிசலும் கேட்கவில்லை.
மேலே எங்கோ ஒரு சன்னல் திறந்து,
"ஹலோ, ஆளுங்க தூங்குறாங்க லா"
என்றது ஒரு குரல்.