சலித்த தூசு

"ஐம்பது வருடமாக யாரும் தொடாதது"
என்றது விளம்பரம்.
யாரும் தொடாததை
எட்டுக் கோணத்தில் யாரோ படம் எடுத்திருந்தார்கள்.

கெரே நகரத்து வாகனச் சோதனைக்கூடத்தில்
பத்தொன்பது வருடமாகப்
பிரேக்கையும் புகையையும் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு
கூட்டிப்போனான் தங்கை கணவன் அன்செல்ம்.
அவன் கோட்டின் உள்பையில் ஒரு கனத்த உறை.
வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்,
பல்வலிக்காரன் கன்னத்தைத் தொடுவதுபோல்.

மழை. செம்மாடுகள். கருங்கல் கொட்டில்.
ஒக்டாவ் என்று பெயர் சொன்னவர்
கதவை மெல்லத் திறந்தார்.
கதவுக்கு ஒத்திகை ஆகியிருந்தது.

உள்ளே சித்ரோயன் டி.எஸ்.,
அறுபத்தெட்டாம் வருடத்தது,
வயிறு தரையில் படப் படுத்திருந்தது.
அன்செல்ம் தொப்பியைக் கழற்றினான்.
மாதாகோயிலில்கூட அவனுக்கு அது நினைவுக்கு வராது.

நான் வாயைத் திறக்கவில்லை.
விரலால் கூரையில் ஒரு கோடு இழுத்தேன்.
ஐம்பது வருடத் தூசு ஒரே நிறத்தில் இருக்காது.
வைக்கோல் காலத்துத் தூசு மஞ்சள்,
சுண்ணாம்பு உதிர்ந்த காலத்தது வெள்ளை,
ஆந்தை குடியிருந்த காலத்தது
என்ன நிறம் என்று ஆந்தையைத்தான் கேட்கவேண்டும்.
இதுவோ ஒரே சீராக, சல்லடை கண்டதுபோல்.
நாக்கில் வைத்தேன்.
மைதா. கொஞ்சம் சிமெண்ட்.
தலைக்குமேல் உத்தரம் துடைத்த மாதிரி இருந்தது.
வானம் காருக்கு மட்டும் தூசு பெய்திருக்கிறது.

கதவு நிலையில் ஐவிக்கொடி,
வெட்டித் திரும்பக் கம்பியால் கட்டியது.
வியாழக்கிழமையிலிருந்து வாடிக்கொண்டிருந்தன இலைகள்.
பின்னிருக்கையில் எழுபத்துநான்காம் வருடச் செய்தித்தாள்,
ஓர் எலிப்பல் தடமும் இல்லை.
இந்தப் பக்கத்து எலிகளுக்கு அரசியல் பிடிக்காதுபோலும்.
டயரில் அச்சிட்டிருந்த தேதி
என் மகள் பள்ளியை முடித்த கோடை.
மகளுக்கு இப்போது இருபது.

பக்கக் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி.
அங்கே நேர்மையாக வேலை பார்த்தது அது ஒன்றுதான்.
வலையில் ஒரே ஒரு கொசு.
அதன் கணக்குப்படி
கார் வந்து இரண்டு இரவு.

"யாருடைய வண்டி?" அன்செல்ம் கிசுகிசுத்தான்.
"காலமான ஒரு பல்மருத்துவர்..." என்று ஒக்டாவ் தொடங்க,
விரல்நுனி வெள்ளையை
அவர் பார்க்கும்படி ஊதினேன்.
ஊதுவது பேச்சில் சேராது.

பல்மருத்துவர் பாதியில் நின்றார்.
மழை மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு ஒக்டாவ் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.
முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.
மாடு எழுவதுபோல்
முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம்
தூக்கி
எழுந்து நின்றது வண்டி.
தூசு சரிந்தது. அடியில் கருநீலம்.

"மூன்று வருடம்.
ஒவ்வொரு திருகையும் நானே பிரித்துக் கோத்தேன்" என்றார்.
"மினுக்கி வாசலில் நிறுத்தினேன்.
பதினான்கு மாதம் ஒருத்தரும் பிரேக் போடவில்லை.
போன வாரம் மூன்று கிலோ மாவு வாங்கினேன்.
ஒரே நாளில் நாற்பது அழைப்பு."

எஞ்சினைக் கேட்டேன்.
இவ்வளவு சுத்தமாகப் பேசும் எஞ்சின்
வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.
நிபந்தனையை மீறினேன்:
"வாங்கு."

அன்செல்ம் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.
"இது... ஏற்கெனவே நன்றாக இருக்கிறதே" என்றான்,
புதையல் தோண்ட வந்த இடத்தில்
கடைப்பலகையைக் கண்டவன்போல்.
உறை பையிலேயே இருந்தது.
திரும்பும் வழியில்
மூடிய கொட்டில் ஒவ்வொன்றின் முன்னும்
வேகத்தைக் குறைத்தான்.

இன்று காலை அதே கார், வேறு கொட்டில்.
கூரைமேல் ஒரு கோழி கூடுதல்.
விலையிலும் ஆயிரத்தைந்நூறு யூரோ கூடுதல்.
படத்தைப் பெரிதாக்கினேன்.
பக்கக் கண்ணாடியோரம் நூல்போல் ஏதோ மின்னியது.
சிலந்தியும் கூடவே போயிருக்கிறதா,
புது இடத்துச் சிலந்தி வேலையில் சேர்ந்துவிட்டதா,
சொல்லுமளவுக்குத் தெளிவில்லை படம்.