ஜெராக்ஸ் கடையில் ஆறுமணிக்குருவி

ஐப்பசி. குன்னூர் தாலுகா ஆபீஸ் இறக்கத்தில்
மூடுபனி என் கடை வாசல்வரை வந்து நிற்கிறது,
சில்லறை இல்லாத ஆளைப் போல.

கதவுக் கண்ணாடியில் டப்பென்று ஒரு சத்தம்.
பந்தென்று நினைத்துத் திட்டிக்கொண்டே போனேன்.
படியில் ஒரு பறவை.
விழுந்து கிடக்கவில்லை. நின்றுகொண்டிருந்தது,
கண்ணை மூடி,
கடைசி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே
தூங்குகிறவர்கள் மாதிரி.

முதுகு தேயிலைப் பச்சை. தோளில் சொட்டு நீலம்.
கண்ணுக்குக் குறுக்கே மைப்பட்டை.
வாலென்று சொல்ல ஒன்றுமில்லை;
அதற்கடியில் மட்டும்
யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த சிவப்பு.

"செத்துரும்" என்றார் ஆட்டோ பெனடிக்ட்.
சொல்லிவிட்டு,
கண்ணாடி துடைக்கிற துணியை உதறிக் கொடுத்தார்.
பேக்கரி மைமூன் அக்கா வர்க்கியை நொறுக்கி வைத்தாள்.
பிறகு பால். பிறகு கொஞ்சம் மஞ்சள்.
அலகைப் பிளந்து தண்ணீர் விட
பேனா மூடியோடு குனிந்தவள் நான்.

வனத்துறைக்குப் போன் போட்டேன்.
"காட்டெருமையா?"
இல்லீங்க.
"கரடியா? சிறுத்தையா?"
பறவைங்க.
"மயிலா?"
உள்ளங்கை அளவுதாங்க.
மறுமுனையில் யாரோ டீ உறிஞ்சினார்கள்.
"பார்த்துக்குங்கம்மா."

மாட்டாஸ்பத்திரி டாக்டர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.
பின்னால் ஒரு கன்று கத்திக்கொண்டிருந்தது.
ஆறுமணிக்குருவிம்மா அது.
தண்ணி ஊத்தாதே, மூச்சுக்குழலுக்குப் போயிடும்.
வர்க்கியை முதல்ல எடு.
இருட்டு, வெதுவெதுப்பு, சத்தமில்லாத இடம்.
அப்புறம்?
அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு உட்காரு.
இமயமலை அடிவாரத்துலேர்ந்து வருது.
ஒரு சாயங்காலம் வரைக்கும் உனக்குப் பொறுக்காதா?

ஏ-ஃபோர் பெட்டியைக் காலி செய்து
காம்பஸ் முனையால் துளை போட்டேன்.
மெஷினுக்குப் பின்னால், சூடு வரும் இடத்தில் வைத்தேன்.
சும்மா இருக்க எனக்குத் தெரியாது.
காதை வைத்துக் கேட்டேன்.
மூடியைத் தூக்கிப் பார்த்தேன், ஒருமுறை.
பொய். ஐந்துமுறை.

மூன்று மணிக்கு டேன்டீ லைன் வீட்டிலிருந்து மருதமுத்து,
பாலித்தீன் உறைக்குள் உறை, அதற்குள் ஒரு அட்டை.
பேத்தியின் ஜாதி சான்றிதழுக்கு
நான்காவது தடவையாகக் கேட்கிறார்களாம்.
"கப்பல்லேர்ந்து இறங்கினப்ப
மண்டபம் கேம்புல அப்பாவுக்குக் குடுத்தது.
இது இல்லாட்டி
எங்கேர்ந்து வந்தேன்னு கேக்கறாங்க."
மடிப்பில் கிழியாமல் பிரித்துக் கொடுத்தார்.

மெஷின் மூடியைத் திறந்துவைத்தேன்.
போகிற போக்கில் பெட்டி மூடியையும். ஆறாவது முறை.

அது வந்துவிட்டது.
தத்தி, ஒரே ஒரு சிறகடிப்பு,
நேராகக் கண்ணாடிமேல்.
நானும் அவரும் மூச்சு விடவில்லை.
என் விரல் பொத்தானில் இருந்ததை
நான் பிறகுதான் பார்த்தேன்.
வெளிச்சம் அதன் காலடியில் ஒரு முனையிலிருந்து
மறுமுனைக்கு நகர்ந்தது.
குருவி குனிந்து அதைப் பார்த்தது,
ஓடையில் எதையோ பார்ப்பதுபோல.

பிறகு மேசை, தரை, படி.
பறக்கவில்லை. குதித்துக் குதித்து
எதிர்ச்சரிவின் உண்ணிச்செடிக்குள் போனது.
குணமாகிப் போனதா,
என்னிடமிருந்து தப்பித்தால் போதுமென்று போனதா?

தாள் வந்து விழுந்தது.
முழுக்கக் கறுப்பு. நடுவில்
எச்சத்தின் சின்ன வட்டம், பக்கத்தில்
இரண்டு காலடி, நகம் நகமாக.
மருதமுத்து அதைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.
"அதுக்கு எதுக்கும்மா ஜெராக்ஸ்?"
பிறகு அவரே கேட்டார், பேத்திக்கு வேண்டுமென்று.
காசு வேண்டாமென்று சொன்னேன் என எழுத ஆசைதான்.
வாங்கினேன், இரண்டு ரூபாய். டோனர் விற்கிற விலை.

ஆறு மணிக்கு
ஷட்டரைப் பாதியில் நிறுத்திக் காது கொடுத்தேன்.
மேட்டுப்பாளையம் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது.
உண்ணிச்செடி மேல் பனி.
மைமூன் அக்கா பால் கிண்ணத்தைத் தட்டித் தட்டி
பூனையைக் கூப்பிடுகிறாள்.
அது இன்னும் வரவில்லை.