மேல் எல்லை, கீழ் எல்லை

மோட்டரோடு புதுத் திரை இருக்கு என்றார்கள் கடையில்.
விலை என் இரண்டு மாதச் சம்பளம்.
இருக்கிற திரைக்கு என்ன குறை?
உதயநகர் வீட்டின் கிழக்கு யன்னலில்
நாலு வருசமாய்த் தொங்குகிறது,
சாம்பல் நிறம், கீழ் ஓரத்தில் ஒரு தேத்தண்ணிக் கறை.
மணிச்சங்கிலியைப் பிடித்து இழுக்க
ஒரு கை போதும்.
அந்தக் கைதான் பிரச்சினை.
இரவு வேலை முடிந்து
ஆஸ்பத்திரியிலிருந்து எட்டு மணிக்கு வருகிற நிலக்சனுக்கு
வலக்கை தோளுக்கு மேல் எழும்பாது.
இடக்கையால் இழுத்தால் திரை கோணும்.
கோணிய இடைவெளியால் வெயில் நுழைந்து
சரியாகக் கண்ணிலேயே வந்து குந்தும்.

கொழும்பிலிருந்து பொதி வந்தது.
ஒரு மோட்டர், ஒரு பற்சில்லு,
நாலு திருகாணி, சீன எழுத்தில் ஒரு தாள்.
பற்சில்லின் பள்ளத்துக்கு ஆறு மில்லிமீற்றர் மணி வேணும்.
எங்கள் சங்கிலியில் நாலரை.
மணி வழுக்க, மோட்டர் தன்பாட்டில் சுற்றியது
வாளியில்லாத கப்பி மாதிரி.
சைக்கிள் ரியூப்பை மெல்லிசாய் வெட்டிப்
பள்ளத்துக்குள் ஒட்டினேன். பிடித்தது.

எங்கள் சுவர் பாதி பழசு, பாதி புதுசு.
துளை போடும்போது பழைய பாதிக்குள்
ஏதோ இரும்பில் முட்டிக் கிரீச்சிட்டது.
இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டேன்.
என்ன இரும்பென்று தோண்டிப் பார்க்கவில்லை.

பிறகு அதுக்குப் படிப்பிக்க வேணும்.
இது மேல் எல்லை. பொத்தானை அழுத்திப் பிடிக்க
விளக்கு இரண்டு தரம் மின்னும்.
இது கீழ் எல்லை.
இவ்வளவுதான் உன் உலகம்.
தரம் பத்துக்குக் கணினி படிப்பிக்கிற எனக்கு
இப்படிச் சொல்வழி கேட்கிற பிள்ளை
இதுவரை கிடைத்ததில்லை.

எட்டே காலுக்கு மூடு. மூன்றரைக்குத் திற.

திங்கட்கிழமை மேலதிக வகுப்பில் நின்றேன்.
திறந்தாயிற்று என்று போன் சொன்னது.
பெருமையில் சசிரேகா ரீச்சருக்கும் காட்டினேன்.
வீட்டுக்கு வந்தால் கட்டிலில் ஆளில்லை.
குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில்
சுவரோடு முதுகை ஒட்டிக் குந்தியிருந்தான்.
என்ன, என்றேன்.
வண்டு, என்றான்.

வேறு ஊரில் பிறந்தவளென்றால்
பூவைத் தேடியிருப்பேன்.
வானத்தில் வட்டமிட்டு
எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததற்கு
அந்தப் பெயரை வைத்த சனத்தில் நானும் ஒருத்தி.
மோட்டரை ஓடவிட்டுக் கண்ணை மூடினேன்.
அதே சுருதி. கொஞ்சம் சன்னம்.
பக்கத்தில் நின்று பொருத்தியவளுக்கு
எப்படிக் கேட்காமல் போனது?
திருகாணி இறுகிற சத்தத்துக்குத்தான்
காது கொடுத்திருந்தேன் போல.

கழற்றிவிடுவம், என்றேன்.
"வேண்டாம், நல்லா மூடுது.
சத்தத்தை மட்டும் மாத்து."

பழைய செருப்பை வெட்டி
மோட்டருக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தேன்.
வேகத்தை மூன்றில் ஒன்றாக்கினேன்.
தையல் மெசின் எண்ணெயில் ரெண்டு சொட்டு.
ஒவ்வொரு தரமும் அவன் கட்டிலில் கிடந்தபடி
கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:
இன்னும் வண்டு.
இன்னும்.
கொஞ்சம்.
இப்ப ஃபிரிஜ்.
ஃபிரிஜுக்குப் பயமில்லையோ, என்று கேட்டேன்.
"பில்லுக்குத்தான் பயம்."

இப்போது திரை ஏற நாலு நிமிசம் எடுக்கிறது.
எடுக்கட்டும்.

நேற்று அந்த நாலு நிமிசத்துக்குள் கரண்ட் போனது.
சாதனம் பதிலளிக்கவில்லை, என்றது போன்.
அப்படியே ஒரு பாடத்தை நடுவில் விட்டு
ஸ்கூட்டியை எடுத்தேன்.
வந்து பார்த்தால்
நான் படிப்பித்த இரண்டு எல்லைக்கும் நடுவில் திரை.
முழங்கால்வரை வெளிச்சம்,
அதுக்கு மேலே நிழல்,
வாய் திறந்தபடி நல்ல நித்திரை.

பற்சில்லிலிருந்து சங்கிலியை விடுவித்தால்
கையாலேயே ஏற்றலாம், இறக்கலாம்.
என் இரண்டு கையும் மேலே எழும்பும்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு
அரிசி களையப் போனேன்.